கலங்கல் போவுதா?

இந்தப் பூமியில் வாடகை சைக்கிள் கடை வைத்துக்கொண்டு, கேட்கிறவனுக்கெல்லாம் "சைக்கிள் இல்லை, போ" என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கலங்கல்தான். சவால் விட்டுச் சொல்கிறேன். இன்னொருத்தரைக் காட்டுங்கள், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். உங்களில் சிலர் அதற்காகவே தேடப் புறப்படுவீர்கள் என்று தெரியும். கிடைக்க மாட்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில், நாங்கள் தறி போட்டிருந்த தெருவின் முனையில் அவர் கடை. மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதிய பன்னிரண்டு சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, மினுமினுவென்று இருக்கும். யாரும் ஓட்டாவிட்டால் மினுமினுவென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? வாடகை கேட்டுப் போனால் முதலில் விசாரணைதான்.

"எங்க போற?"

"சின்ன காஞ்சிபுரம்பா. அக்கா வூட்டுக்கு."

"அக்கா வூடு எங்கியும் ஓடிப் பூடாது. நட."

"ஓரிக்கை வரைக்கும் போயிட்டு வந்துடறேன், ஒரு மணி நேரம்."

"ஓரிக்கையில இன்னா இருக்குது? பாலாத்துல மணலு இருக்குது. மணலைப் பாக்கறதுக்கு இன்னாத்துக்கு சைக்கிள்? நட."

ஆனால் "ஏரிக்குப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஆள் அப்படியே மாறிவிடுவார். ஏழாம் நம்பரைத் தானே இறக்கி, காற்றடித்து, சீட்டைத் தோள் துண்டால் துடைத்து, "எந்த ஏரி? எந்தக் கரை வழியா போற? அங்க மதகுக்குப் பக்கத்துல ஒரு நாவ மரம் இருக்குது, அதுங்கீழ உக்காந்துட்டுத்தான் வரணும்" என்று வழியனுப்புவார். இதைத் தெரிந்துகொண்ட தெருப்பயல்கள் எல்லாம் ஏரிக்குப் போவதாகச் சொல்லி சினிமாவுக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் அவர் டயரைத் தொட்டுப் பார்ப்பார். ஏரிக்கரை மண் ஒட்டியிருக்காவிட்டால், அவனுக்கு அந்த ஜென்மத்தில் சைக்கிள் கிடையாது.

ஏரி நிரம்பித் தளும்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓட, கரையின் கோடியில் கருங்கல் வைத்துத் தாழ்வாகக் கட்டியிருப்பார்களே, அதற்குத்தான் கலங்கல் என்று பெயர். நாமெல்லாம் ஒருத்தரைப் பார்த்தால் "சாப்ட்டீங்களா" என்று கேட்போம். அவர் "உங்க ஊர்ல கலங்கல் போவுதா?" என்று கேட்பார். காய்கறி விற்க வருகிறவர்களைக் கேட்பார், பஸ் கண்டக்டரைக் கேட்பார், கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை நிறுத்திக் கேட்பார். ஒரு தடவை எங்கள் தெருவில் ஒரு சாவு. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரைக் கட்டிப்பிடித்து, "எப்பேர்ப்பட்ட மனுஷன், போயிட்டாரே" என்று நிஜமாகவே அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, உங்க பக்கம் கலங்கல் போவுதா?" என்று கேட்டார். அந்த ஆள் அழுகையை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று முழித்தார். அன்றிலிருந்து எங்கள் சைக்கிள் கடைக்காரருக்குக் கலங்கல் என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. விடிந்ததும் தறிக்குழியில் காலை இறக்கினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வெளியே எடுப்பேன். உலகம் என்பது எனக்குக் கண்ணுக்கு முன்னால் ஒரு முழம் பட்டு, அவ்வளவுதான். மாதத்தில் ஒரே நாள் அமாவாசை. அன்றைக்கு எந்த நெசவாளியும் தறியைத் தொட மாட்டான். அந்த நாளில் சீட்டாடுவோம், தூங்குவோம், பெண்டாட்டியிடம் சண்டை போடுவோம். மறுநாள் திரும்பக் குழிக்குள் போய்விடுவோம்.

ஒரு அமாவாசைக் காலையில் தெருவே அதிர மணிச் சத்தம். பன்னிரண்டு சைக்கிளையும் நிறுத்தி வைத்து, கழுத்தில் ஒரு விசில் கட்டிக்கொண்டு, தன் சொந்த சைக்கிளைப் பிடித்தபடி கலங்கல் நின்றுகொண்டிருக்கிறார்.

"எழுந்து வாங்கப்பா! டூர் போறோம்! வாடகை கிடையாது!"

"இன்னா டூரு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான் தாண்டவன். என் அடுத்த வீட்டுக்காரன். எங்கள் தெருவிலேயே கைத்திறம் உள்ள நெசவாளி. அதனாலேயே எல்லாவற்றிலும் நொட்டை சொல்கிறவன்.

"ஏரி டூரு. நம்ம ஜில்லாவுக்கே ஏரி ஜில்லான்னுதான் பேரு. நீ எத்தினி ஏரி பாத்திருக்கிற, சொல்லு?"

தாண்டவன் யோசித்தான். "கோயில் குளம் பாத்திருக்கிறேன்."

"ஏறு சைக்கிள்ல."

இப்படித்தான் ஆரம்பித்தது. பத்து மைல் சைக்கிள் மிதிக்க நெசவாளிகளால் முடியுமா என்று தெருவில் பெண்கள் சிரித்தார்கள். எங்களுக்கு என்ன கஷ்டம்? பிறந்ததிலிருந்து தறிப்பலகையை மிதித்துக்கொண்டேதான் இருக்கிறோம். மிதித்து மிதித்து ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்னேரிக் கரையில் ஏறி முதல்முதலாக அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், பன்னிரண்டு பேரும் சைக்கிளை அப்படியே கரையில் போட்டுவிட்டோம். கண் போகிற மட்டும் தண்ணீர். காற்று வந்து முகத்தில் அடிக்கிறது. எதிர்க்கரையில் பனைமரங்கள் சுண்டுவிரல் உயரம்தான் தெரிகின்றன. ஒரு முழத்துக்கு அப்பால் பார்த்தே பழக்கமில்லாத கண்ணில் தண்ணீர் கொட்டியது. தாண்டவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"மயில்கழுத்து கலரு."

"ராமர் பச்சைப்பா," என்றேன் நான்.

அவ்வளவுதான். மயில்கழுத்தா ராமர் பச்சையா என்று கரை மேலேயே கைகலப்பாகிவிட்டது. கலங்கல் விசிலை ஊதி எங்களைத் தண்ணீருக்குள் தள்ளிய பிறகுதான் அடங்கினோம்.

அப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் ஓர் ஏரி. கரை மேல் சைக்கிள் பந்தயம் விட்டோம். மதகுத் திட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தோம். வேட்டியை வலையாக்கி மீன் பிடித்து, மூன்று கல் வைத்துச் சுட்டுத் தின்றோம். வேடந்தாங்கலில் கலங்கல் கையை நீட்டி நீட்டிப் பறவை காட்டினார். "அது நாரை. அது நீர்க்காக்கா. தோ பார், பை வெச்ச மூக்கு, அது கூழைக்கடா. அந்த மரத்து மேல இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியாது, ஆனா நல்ல பறவை." எங்கள் வெளுத்த முகமெல்லாம் கருத்து, பசி எடுத்து, வீட்டில் சோறு பற்றாமல் போனது. அமாவாசையில் பெண்டாட்டிகளோடு சண்டை நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சண்டை போட ஆள் வீட்டில் இருந்தால்தானே?

மூன்றாவது மாதம் தாண்டவன்தான் கண்டுபிடித்தான்.

"ஏம்பா, உத்திரமேரூரு தெக்கால இருக்குது. வாலாஜாபாத்து கிழக்கால இருக்குது. உத்திரமேரூரு ஏரியைப் பாக்கறதுக்கு இன்னாத்துக்கு வாலாஜாபாத்தைச் சுத்திக்கினு போறோம்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. போன மாதம் மதுராந்தகம் போனபோதும் அதே வழி. எந்த ஏரிக்குப் போனாலும், வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவோம். ஊர்ப் பெயர் வேண்டாம், இந்தக் கதையில் வருகிறவர்களின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்த ஊருக்கும் ஓர் ஏரி, கீழேரி என்பார்கள். தண்ணீர் குடிப்பது எப்போதும் ஏழுமலை என்கிற விவசாயி வீட்டு வாசலில். செம்பில் கொண்டுவந்து கொடுப்பது அவர் மகள் பூங்காவனம். பன்னிரண்டு பேருக்கும் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போகும். கலங்கலுக்கு மட்டும் கையில் கொடுக்கும்.

நாங்கள் மரத்தடியில் அவரை மடக்கினோம். பிடிபட்ட திருடன் மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கத்திரிக்காய் விற்கக் காஞ்சிபுரம் வந்த பூங்காவனம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, நேராகக் கடைக்கு வந்து, "சைக்கிள் குடுய்யா" என்றதாம். "எங்க போற?" என்று இவர் விசாரணையை ஆரம்பிக்க, "எங்க ஊரு ஏரிக்கரைக்கு" என்றதாம். கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆம்பளை சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டது. மறுநாள் காலையில் சைக்கிளைக் கழுவி, பங்க்சர் ஒட்டி, காற்றடித்துக் கொண்டுவந்து நிறுத்தி, "உன் பின் சக்கரம் ஆடுது, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனது. தலைவர் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டார்.

"பொண்ணு கேட்டியா?"

"கேட்டேன்பா. அவங்க அப்பா நல்ல மனுஷன். 'எனக்கு ஒரே பொண்ணு, நான் வெறுங்கையா அனுப்ப மாட்டேன். ஏரி ரொம்பட்டும், கலங்கல் போவட்டும், ஒரு போகம் அறுக்கட்டும். கலங்கல் போன அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்'னாரு. ரெண்டு வருஷமா அங்க கலங்கல் போற அளவுக்கு மழை இல்ல. தனியா மாசா மாசம் போய் ஏரியைப் பாத்தா ஊர்ல தப்பாப் பேசுவாங்க. பன்னெண்டு பேரோட போனா டூரு."

"அடப்பாவி! அப்போ நாங்க உனக்கு மறைப்புத் துணியா?" என்று தாண்டவன் குதித்தான்.

"கோவிச்சுக்காதபா."

யார் கோபித்துக்கொண்டது? அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கே அது சொந்த விஷயமாகிவிட்டது. தறியில் குறுக்கு இழையைச் சுமந்துகொண்டு நாடா ஓடும்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குரல் போகும். "வாலாஜாபாத்துல மேகம் கூடுதாம்பா!" நாங்களும் பார்க்கிறவர்களை எல்லாம் "கலங்கல் போவுதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம். என் பெண்டாட்டி பிள்ளையார் கோயிலில் அந்தக் கேள்வியையே வேண்டுதலாக வைத்தாள்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை நன்றாகத்தான் பிடித்தது. கீழேரி ஏறிக்கொண்டே வந்தது. கார்த்திகை பிறந்ததும் வானம் வாயை மூடிக்கொண்டது. அதோடு இன்னொரு இடி. வாலாஜாபாத்தில் நெல் மில் வைத்திருந்த ஒருத்தர் பூங்காவனத்தைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஏழுமலை இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கெடு சொன்னார். "கார்த்திகை முடியறதுக்குள்ள கலங்கல் போனா சைக்கிள் கடைக்காரரு. போவலேன்னா மில்லுக்காரரு. பொண்ணுக்கு வயசு ஏறுது, நான் இன்னா பண்றது?" நியாயம்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கார்த்திகை அமாவாசை. கெடு முடிய ஆறு நாள். பன்னிரண்டு பேரும் நேராகக் கீழேரிக்குப் போனோம். கலங்கல் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கையை வைத்து அளந்தார் எங்கள் ஆள்.

"ஒரு சாண்."

தாண்டவன் தன் கையை வைத்தான். "என் கைக்கு ஒண்ணே கால்."

ஒரு சாண் தண்ணீருக்கு ஒரு மனுஷனின் கல்யாணம் நிற்கிறது. கலங்கல் திடீரென்று சட்டையைக் கழற்றினார்.

"எல்லாரும் எறங்குங்கப்பா!"

"இன்னாத்துக்கு?"

"அண்டாவுல எறங்கினா தண்ணி ஏறுதில்ல?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. பன்னிரண்டு நெசவாளிகளும் கோவணத்தோடு இறங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரிய, மூச்சை அடக்கி நின்றோம். தாண்டவன் வயிற்றை வேறு உப்பிக்கொண்டான். கலங்கல் கல்லண்டை குனிந்து, "ஏறுதா? ஏறுதா?" என்று தானே கேட்டுக்கொண்டிருந்தார். கரை மேல் யாரோ செருமினார்கள். பார்த்தால் ஏழுமலை.

"இன்னாபா பண்றீங்க?"

அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது. மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, "தண்ணி ஜில்லுன்னு இருக்கும், ஏறிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலங்கல் உட்கார்ந்துவிட்டார். விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். "வூட்டுக்குப் போலாம்பா," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரைக்கும் நாங்கள் கேட்டதே இல்லை.

தாண்டவனுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "இன்னாது வூட்டுக்கா? இன்னிக்கு மேலேரின்னுதானே சொன்ன? டூருன்னா டூருதான். சொம்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு உக்காராத. எழுந்திரு!" பாதி தூக்கி, பாதி தள்ளி சைக்கிளில் ஏற்றினோம். அவர் எங்களை இழுத்துக்கொண்டு போன காலம் போய், நாங்கள் அவரை இழுத்துக்கொண்டு போனோம்.

மேலேரி அங்கிருந்து மூன்று மைல் மேற்கே. மேலேரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாகக் கீழேரிக்கு வரவேண்டும், அதுதான் அந்தக் காலத்துக் கட்டுமானம். ஆனால் மேலூருக்கும் கீழூருக்கும் ஏதோ திருவிழாத் தகராறில் வருடக் கணக்காகப் பேச்சு கிடையாது. கால்வாயில் தண்ணீர் வராததால், மேலேரி இன்னும் நிரம்பவில்லை என்று கீழூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போய்ப் பார்த்தால், மேலேரியில் கலங்கல் போகிறது! சும்மா போகவில்லை, ஹோவென்று சத்தம் போட்டுக்கொண்டு, கருங்கல் மேல் வெள்ளைவெளேரென்று விழுகிறது. நாங்கள் ஆ என்று வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தோம். அவர் மட்டும் விழுகிற தண்ணீரைப் பார்க்கவில்லை. அது எங்கே போகிறது என்று பார்த்தார்.

"இங்க போவுதே. அங்க ஏன் வரல?"

கால்வாயைப் பிடித்துக்கொண்டே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முள்ளுக்குள் நடந்தோம். ஒரு மைல் போனதும் தெரிந்துவிட்டது. கால்வாய்க் கரை ஓரிடத்தில் இரண்டு ஆள் அகலத்துக்கு உடைந்து, கீழேரிக்குப் போகவேண்டிய தண்ணீரெல்லாம் பொட்டலில் இறங்கிப் பாலாற்றுப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் ஊருக்குப் போய் மம்பட்டியோட ஆளுங்களைக் கூட்டியாறேன். நீங்க எதையும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே கலங்கல் சைக்கிளில் பறந்தார்.

தொடாமல் இருப்பதா? எங்கள் ஆள் கல்யாணம் கண்ணெதிரே பாலாற்றுக்கு ஓடுகிறது, பன்னிரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? மண்வேலை எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு வேலை. உடைப்பின் குறுக்கே கழிகளை வரிசையாக நட்டு, தறியின் நெடுக்கு இழை மாதிரிப் பாவு ஆக்கினோம். பனை ஓலையைக் கிழித்துக் குறுக்கு இழையாக, அதாவது ஊடையாகப் பின்னினோம். தாண்டவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அதிகாரம் பண்ணினான். "நெருக்கிப் பின்னு! சந்து உடாத! ஒடம்பு பச்சை ஓலை, ரெண்டு பக்கமும் காஞ்ச ஓலையில பார்டரு!"

"தண்ணியைத் தடுக்கறதுக்கு இன்னாத்துக்குடா பார்டரு?" என்றேன்.

"பார்டர் இல்லாம என் கையால ஒண்ணு வராது. உனுக்கு வேணும்னா நீ போய்த் துண்டு நெய்."

ஒரு மணி நேரத்தில் தட்டி முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, தாம்பூலத் தட்டில் வைத்துக் கல்யாணத்துக்கே அனுப்பலாம், அவ்வளவு அழகு. கொடிகளைக் கொண்டு கழியோடு சேர்த்து இறுக்கினோம். அங்கேதான் நாங்கள் நெசவாளி புத்தியைக் காட்டினோம்.

எங்கள் தொழிலில் ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவைச் சேர்க்கும்போது, ஆயிரக்கணக்கான இழைகளையும் சாம்பல் தொட்ட விரலால் ஒவ்வொன்றாக முறுக்கித்தான் பிணைப்போம். முடிச்சே போட மாட்டோம். முடிச்சு போட்டால், இழைகள் நுழைந்து வருகிற அந்தச் சீப்பு மாதிரிச் சட்டம் இருக்கிறதே, அச்சு, அதில் மாட்டி இழை அறுந்துவிடும். முடிச்சு போடுகிற நெசவாளி என்று பேர் எடுத்தால் தெருவில் தலை காட்ட முடியாது. அந்தப் பழக்கத்தில் கொடிகளையும் ஒவ்வொரு இடத்திலும் விரலால் நைசாக முறுக்கிப் பிணைத்துவிட்டோம். ஐம்பது அறுபது பிணைப்பு இருக்கும். முடிச்சு ஒன்றுகூடக் கிடையாது.

தட்டி கால் மணி நேரம் நின்றது. தண்ணீர் திரும்பிக் கால்வாயில் ஏறவும் ஆரம்பித்தது. நாங்கள் கை தட்டினோம். முதலில் ஒரு கொடி மெதுவாக முறுக்கு அவிழ்ந்தது. அப்புறம் பக்கத்துக் கொடி. அப்புறம் மொத்தமும் சேர்ந்து அவிழ்ந்து, பார்டரோடு கூடிய அந்தத் தட்டி, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த தாண்டவனையும் சேர்த்துக்கொண்டு பொட்டலில் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்தா கலங்கல் பத்து ஆட்களோடும் ஏழுமலையோடும் பூங்காவனத்தோடும் வந்து சேரவேண்டும்?

பூங்காவனம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தட்டியை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"யாருய்யா இதைக் கட்டினது? ஒரு முடிச்சுகூட இல்ல!"

தாண்டவன் வாயில் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, ரொம்ப ரோஷமாகச் சொன்னான்: "முடிச்சு போட்டா அச்சுல மாட்டிக்கும்மா!"

"தண்ணிக்கு ஏதுய்யா அச்சு?"

பன்னிரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வைக்கோலை முறுக்கிப் புரியாக்கி, "இப்பிடிச் சுத்தி, இப்பிடி உள்ள உட்டு, காலை வெச்சு இழு" என்று எங்கள் எல்லோருக்கும் முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தது. "தட்டி நல்லா நெருக்கமாத்தான் பின்னியிருக்கீங்க. கட்டத்தான் தெரியல" என்று போகிற போக்கில் ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தது. அதே தட்டியைத் திரும்ப நிறுத்தி, முடிச்சு போட்டு, பின்னால் வைக்கோல் கட்டும் மண்ணுமாகப் போட்டு மிதித்தோம். ஊர்க்காரர்கள் வெட்ட வெட்ட நாங்கள் கூடையில் சுமந்தோம். மூன்று மணி சுமாருக்கு உடைப்பு அடைந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டு, அப்புறம் நல்ல பிள்ளையாகக் கால்வாயில் ஏறிக் கீழேரிப் பக்கம் போயிற்று. கரையில் உட்கார்ந்து எல்லோரும் கூழ் குடித்தோம். எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்தக் கூழுக்கு ஈடில்லை.

திரும்பும்போது கலங்கல் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு பேருக்கும் கை பூராவும் கொப்புளம். பட்டு நெய்கிறவனுக்குக் கைதான் சொத்து. கையில் ஒரு சொரசொரப்பு இருந்தால் போதும், இழை மாட்டிக்கொண்டு வராது. மறுநாள் எங்கள் தெருவில் பாதித் தறி ஓடவில்லை. கலங்கல் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெய் எடுத்துக்கொண்டு, வீடு வீடாக வந்து ஒவ்வொருத்தன் கையையும் பிடித்துத் தானே தடவிவிட்டார். "வுடுபா, சொம்மா," என்று தாண்டவன் கையை இழுத்தான். அவர் விடவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது, தாண்டவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் சேதி இல்லை. மூன்றாம் நாள் நடுப்பகல். தெரு பூராவும் தறிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், காய்கறிக் கூடைகூட இல்லாமல், முழங்கால் வரைக்கும் நனைந்த புடவையோடு, பூங்காவனம் தெருமுனையில் வருகிறது. நான் நாடாவை நிறுத்தினேன். அடுத்த வீட்டுத் தறி நின்றது. எதிர்வீடு நின்றது. ஒவ்வொன்றாக நின்று, பகலில் அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கலங்கல் ஏழாம் நம்பருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஊரில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.

"போவுதுய்யா," என்றது பூங்காவனம்.

பம்ப்பைப் போட்டுவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஒரே கூச்சல். அந்தச் சந்தடியில் எவனோ ஒருத்தன், "சினிமாவுக்குப் போறேன், ஒரு சைக்கிள் குடு" என்று கேட்க, அவர் "எடுத்துக்கினு போபா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடையின் சரித்திரத்தில் அது ஒரு தடவைதான் நடந்தது.

அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். அறுவடை முடிந்து மாசியில் கல்யாணம், கீழேரிக் கரைக் கோயிலில். தாலியை எடுத்துக் கொடுத்தபோது ஏழுமலை எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு முடிச்சு போடத் தெரியுமா? இவங்க கூட்டாளியாச்சே!" என்றார். தலையைக் குனிந்திருந்த பெண், "அதெல்லாம் கத்துக்குடுத்தாச்சு" என்றது. கொட்டு மேளக்காரர்கூட வாசிக்க மறந்து சிரித்தார்.

அடுத்த அமாவாசை வந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. பூங்காவனத்தைப் பார்க்கத்தான் ஏரி. பூங்காவனமே வீட்டுக்கு வந்தாயிற்று, இனிமேல் அவருக்கு டூர் எதற்கு? தாண்டவன் பழைய சீட்டுக்கட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தான். குலுக்கினான். போடவில்லை. குலுக்கிக்கொண்டே இருந்தான்.

வாசலில் மணிச் சத்தம்.

சைக்கிள்கள் நிற்கின்றன. முதல் சைக்கிளில் கலங்கல், கழுத்தில் விசில். கேரியரில் கட்டுச்சோற்று மூட்டையோடு பூங்காவனம்.

"இன்னும் கிளம்பலியா? தூங்கிக்கினு இருக்கீங்களா?"

"ஏம்பா," என்றேன். "இனிமே உனுக்கு ஏரியில இன்னா வேலை?"

"எனக்கு இன்னா வேலை? ஒண்ணும் இல்ல." கலங்கல் இறங்கி, எங்கள் பக்கம் பார்க்காமல், ஏழாம் நம்பரின் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். "மொத மாசம் தென்னேரியில தண்ணியைப் பாத்து பன்னெண்டு பேரும் கண்ணைத் தொடச்சீங்களே. அதுக்கப்புறம் நான் அவளுக்கோசரம் மட்டுமா வந்தேன்?"

தாண்டவன் சீட்டுக்கட்டைப் பரண் மேல் வீசினான். அது இன்றைக்கும் அங்கேதான் கிடக்கும்.

காஞ்சிபுரத்தை விட்டு நான் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அமாவாசை விடியும்போது மட்டும் இன்னும் எனக்குத் தானாக விழிப்பு வருகிறது. வாசலில் மணிச் சத்தம் கேட்காது என்று தெரியும், இருந்தாலும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.